மனைவி ஒருவர் மட்டும்

என் அப்பா தனுஷ்கோடிக்கு இரண்டு மனைவிகள். சோழபுரத்தில் பால்வாடிக்குப் போகிற பிள்ளைக்குக்கூட இது தெரியும். அவர் வேலை பார்த்த மில்லுக்கு மட்டும் தெரியாது, அல்லது தெரியாத மாதிரி இருந்துகொண்டது. மூத்தவள் செல்லத்தாய், என் பெரியம்மா. இளையவள் சுந்தரம்மாள், என்னைப் பெற்றவள். இருவரும் உடன்பிறந்தவர்கள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் பிள்ளை இல்லை என்றதும், பெரியம்மாவே தன் தங்கையைப் பேசி முடித்துக் கூட்டிவந்து தன் புருஷனுக்குக் கட்டிவைத்தாள். இதைப் பெரிய தியாகம் என்று ஊரில் இன்னும் பேசுகிறார்கள். கேட்டாலே எனக்கு எரிச்சலாக வரும். வேறு என்ன வழியை அவளுக்கு விட்டுவைத்திருந்தார்கள்?

அப்பா ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தார். மில் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. அட்டை உண்டு. சம்பளத்தில் கொஞ்சம் பிடித்துக்கொள்வார்கள். அவனும் மனைவியும் பிள்ளைகளும் டிஸ்பென்சரியில் வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம். அட்டையில் மனைவி பெயர் எழுத ஓர் இடம்தான் இருந்தது. அங்கே செல்லத்தாய் என்று முதலிலேயே எழுதியாயிற்று. அம்மா வந்த பிறகு அந்தப் பெயரை இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். பெயருக்குப் பக்கத்தில் படம் கிடையாது. யாருக்கு உடம்புக்கு முடியவில்லையோ, அன்றைக்கு அவள் செல்லத்தாய்.

அம்மா என்னைப் பெற்றது செல்லத்தாயாகத்தான். தங்கச்சி கருத்தம்மாளைப் பெற்றதும் அப்படியே. எண்பத்து மூன்றில் கட்டி வந்து மதுரைக்குக் கொண்டுபோய்க் கர்ப்பப்பையை எடுத்தபோதும் கட்டில் தலைமாட்டில் செல்லத்தாய் என்றுதான் எழுதித் தொங்கியது. நிஜமான செல்லத்தாய் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். கேட்டவர்களிடம் தன் பெயர் சுந்தரம்மாள் என்றாள். என் பள்ளிக்கூடச் சர்ட்டிபிகேட்டில் தாயார் பெயர் செல்லத்தாய். ரேஷன் கார்டிலோ என்னைப் பெற்றவள் குடும்பத் தலைவருக்குக் கொழுந்தியாள். தனித்தனியாகப் பார்த்தால் எந்தக் காகிதத்திலும் குறை சொல்ல முடியாது. எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்க்கிற ஆள்தான் எங்களுக்கு அகப்படவில்லை.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்டாக இருந்தேன். பகலெல்லாம் அபிடவிட் அடிப்பதுதான் வேலை. 'நான் அறிந்த வரையில் யாவும் உண்மை' என்று முடிகிற தாள்களில் உண்மை எவ்வளவு இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆகவே வீட்டு அட்டை விவகாரம் பெரிய குற்றமாகப் பட்டதில்லை. கேலியாகத்தான் பேசுவேன். டிஸ்பென்சரியில் ஒவ்வொருவர் வைத்தியக் குறிப்பையும் ஒரு கவரில் போட்டு வைத்திருப்பார்கள். செல்லத்தாய் கவரில் எழுதியிருக்கிற நோய்களை எல்லாம் கூட்டினால் அந்தச் செல்லத்தாய் எப்போதோ போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்பேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். பெரியம்மா சிரித்ததாக ஞாபகம் இல்லை. அதை அப்போது நான் கவனிக்கவும் இல்லை.

தொண்ணூற்றிரண்டு வைகாசியில் அப்பா ரிட்டயரானார். ஒரு சால்வையும் எவர்சில்வர் குடமும் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். டிஸ்பென்சரியும் அதோடு முடிந்தது என்றே நினைத்தோம். அம்மாவுக்கு ஏழெட்டு வருஷமாகச் சர்க்கரை. காலில் சின்னக் கீறல் பட்டாலும் மாசக்கணக்கில் ஆறாது. மாத்திரை முழுக்க டிஸ்பென்சரியில் வாங்கி ஓட்டியதுதான். இனிமேல் என்ன செய்வது என்று அவள் வாய்விட்டுக் கேட்கவில்லை. மிச்சமிருந்த மாத்திரைகளை ஒன்று விட்டு ஒரு நாள் விழுங்க ஆரம்பித்திருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் பக்கீர் முகமது மாமா சைக்கிளில் வந்தார். அப்பாவோடு ஒரே ஷிப்டில் நின்றவர், ஒரு வருஷம் முன்னால் ரிட்டயரானவர். ரிட்டயரான தொழிலாளியும் மாதம் பத்து ரூபாய் வீதம் வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டிவிட்டால் அவனுக்கும் மனைவிக்கும் வைத்தியம் தொடரும், இப்போதுதான் வந்திருக்கிற ஏற்பாடு என்றார். அதற்கு எழுதிக் கொடுக்க வேண்டிய பாரமும் கையோடு கொண்டுவந்திருந்தார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். பாரத்தை நீட்டும்போதுதான் மாமா கொஞ்சம் தயங்கினார். புருஷனும் மனைவியுமாகச் சேர்ந்து எடுத்த போட்டோவை அதில் ஒட்டிக் கொடுக்க வேண்டுமாம்.

"ஒரு ஆளு மூஞ்சியத்தான் ஒட்ட முடியும் தனுஷ்கோடி. ஒட்டிட்டா பொறவு மாத்த முடியாது. பாத்துச் செய்யி."

அப்பா பாரத்தை வாங்கி சாமி படத்துக்குப் பின்னால் செருகினார். மூன்று நாள் அது அங்கேயே இருந்தது. அப்பா எதையும் தானாக முடிவு செய்கிறவர் இல்லை. இரண்டு பெண்டாட்டி கட்டிக்கொண்டதைக்கூட அவர் முடிவு செய்ததாகச் சொல்ல முடியாது. யாராவது ஒருத்தி வாயைத் திறக்கட்டும் என்று பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். அந்த மூன்று நாளும் அவரைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது.

அம்மா தன் கட்சியைச் சொன்னாள். பெயர் அக்காவுடையது, தாலி முதலில் ஏறியது அக்கா கழுத்தில், படமும் அக்கா படமாகத்தான் இருக்க வேண்டும். தனக்கு வேண்டிய மாத்திரையை மகன் வாங்கித் தருவான். பெரியம்மாவுக்கு அது காதிலேயே ஏறவில்லை. மாதாமாதம் மருந்து வேண்டியவளை விட்டுவிட்டுச் சும்மா இருக்கிறவள் படத்தை ஒட்டுவது யார் செய்கிற வேலை என்றாள்.

நடுவில் நான் புகுந்தேன். வீட்டில் படித்தவன் நான்தானே. கோர்ட்டுக்கு வந்துபோகிற சோலைச்சாமி என்ற இன்ஷூரன்ஸ் ஏஜெண்டிடம் மெடிக்ளெய்ம் பாலிசியைப் பற்றி விசாரித்தேன். புதிதாக விழுகிற நோய்க்கு ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுப்பார்கள், ஏற்கெனவே இருக்கிற நோய்க்குக் கிடையாது என்று அவர் விளக்கினார். அம்மாவின் சர்க்கரைக்கு அது உதவாது. ஆனால் நோய்நொடி இல்லாத பெரியம்மாவுக்கு அதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது என்று எனக்குப் பட்டது. பஸ்ஸில் வரும்போதே மனசுக்குள் எல்லாவற்றையும் முடித்துவிட்டேன். நோயாளிக்கு ஈ.எஸ்.ஐ., நோய் இல்லாதவளுக்கு மெடிக்ளெய்ம். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

பெரியம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். முதல் பாதிக்கு உடனே சரி என்றாள். இரண்டாவது பாதியில், வயது ஐம்பத்தாறு ஆகிவிட்டதால் ஒரு டாக்டர் சோதித்துச் சர்ட்டிபிகேட் கொடுக்க வேண்டும், வியாழக்கிழமை கூட்டிக்கொண்டு போகிறேன் என்று நான் சொன்னதும் எழுந்துவிட்டாள்.

"எனக்கு ஒரு நோவும் கிடையாதுலே. கோட்டிக்காரத்தனமா துட்டைக் கொண்டுபோய்க் கொட்டாத."

மறுநாளும் சொல்லிப் பார்த்தேன். டாக்டர் தொட்டுப் பார்க்கிறதெல்லாம் தனக்குப் பிடிக்காது என்றாள். மூன்றாவது தடவை நான் கேட்கவில்லை. அந்தப் பாலிசிக்குக் கட்ட வேண்டியது கிட்டத்தட்ட என் ஒரு மாதச் சம்பளம். அவள் வேண்டாம் என்றதும் எனக்குள் ஒரு நிம்மதி வந்து உட்கார்ந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இங்கேதான் முதல் தடவையாக எழுதுகிறேன்.

ஸ்டுடியோவுக்குப் போகிற அன்று பெரியம்மாதான் அம்மாவுக்குத் தலைவாரிப் பூ வைத்துவிட்டாள். நெற்றியில் வைத்த பொட்டு கோணலாக இருக்கிறது என்று அழித்துவிட்டு மறுபடி வைத்தாள். அப்பாவும் அம்மாவும் பஸ் ஏறிப் போகிறவரைக்கும் வாசலில் நின்றாள். நாலு நாள் கழித்துப் படம் வந்தது. நான் பாரத்தை எடுத்து, என் அழகான கையெழுத்தில், மனைவி பெயர் செல்லத்தாய், வயது ஐம்பத்தாறு என்று எழுதினேன். வீட்டில் பசை இல்லை. பெரியம்மா சோற்றுப் பருக்கையை விரலில் எடுத்துவந்து நசுக்கிக் கொடுத்தாள். அதைத் தடவி அம்மாவின் முகத்தை அங்கே ஒட்டினேன்.

அம்மாவுக்கு மாத்திரை மறுபடி ஒழுங்காக வந்தது. கால் புண்ணும் ஆறியது. எங்கள் வீட்டில் எல்லாம் சரியாகிவிட்டதாக நானும் அப்பாவும் நம்பினோம். பெரியம்மா மெலிந்துகொண்டே போனாள். வயசாகிறது என்று நினைத்தோம்.

மறுவருஷம் தை மாதம் பெரியம்மா குழாயடியில் குடத்தோடு விழுந்தாள். தூக்கப் போன பெண்கள் சேலையைப் பார்த்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டார்கள். சேலையெல்லாம் ரத்தம். ராஜபாளையத்தில் ஒரு லேடி டாக்டரிடம் கொண்டுபோனோம். அவர் வெகுநேரம் சோதித்துவிட்டு வெளியே வந்து, கர்ப்பப்பையில் புற்று, பல மாதமாக இருக்கிறது, மதுரைக்குக் கொண்டுபோங்கள் என்றார். வீட்டில் யாருக்குமே தெரியாதா என்று கேட்டபோது அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் எங்கே பார்த்தேன் என்று எனக்கு நினைவில்லை.

மதுரையில் தர்ம ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு, அம்மா அவளைக் கெஞ்சியும் திட்டியும் விஷயத்தை வாங்கினாள். ரத்தம் கண்டு ஒன்றரை வருஷமாகிவிட்டது. தீட்டு நின்று எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு திரும்ப வந்ததே என்று பயந்துபோய், அப்பா ரிட்டயராவதற்கு முன்பே ஒருநாள் தனியாக டிஸ்பென்சரிக்குப் போயிருக்கிறாள். டாக்டர் கவரைப் பிரித்துப் பார்த்தார். உனக்குத்தான் கர்ப்பப்பையை எடுத்தாயிற்றே, பிறகு எங்கிருந்து ரத்தம் வரும் என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. அவர் முன்னால் இருந்த காகிதம் அப்படித்தான் சொன்னது. பெரியம்மா, பின்பக்கமாக வருகிறது என்று சொல்லிவிட்டாள். சோதிக்கவும் சம்மதிக்கவில்லை. அவர் மூலத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். கர்ப்பப்பைப் புற்றை வைத்துக்கொண்டு மாசக்கணக்கில் மூலத்துக்கு மாத்திரை தின்றிருக்கிறாள் எங்கள் பெரியம்மா.

அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். தன் ஆபரேஷன்தான் அக்காவுக்கு எமனாக வந்தது என்றாள். வருஷக்கணக்காக நான் செய்துவந்த கேலி என் காதிலேயே திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது.

ஒரு வருஷம் முன்னால் வந்திருந்தால் கர்ப்பப்பையை எடுத்தே சரிசெய்திருக்கலாம் என்றார் மதுரை டாக்டரம்மா. இப்போதும் உடனே கரண்டு வைக்க, அதாவது கதிர்வீச்சு கொடுக்க, ஆரம்பித்தால் ஒன்றிரண்டு வருஷம் தள்ளலாம். ஆனால் அங்கே முறை வருவதற்கு நாளாகும். ஈ.எஸ்.ஐ.யில் இருக்கிறவர் என்றால் அவர்கள் வேறு ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்கள், சீக்கிரம் நடக்கும் என்றார்.

செல்லத்தாய்க்கு ஈ.எஸ்.ஐ. இருந்தது. முகம்தான் வேறு.

அன்று சாயங்காலம் அப்பா முதன்முறையாகத் தானாக ஒன்றைச் சொன்னார். "நானே போய் அம்புட்டையும் சொல்லிருதேன். பிடிச்சு உள்ள போடுதாகளா, போடட்டும். அவ படத்த ஒட்டச் சொல்லி எழுதுலே." அம்மா தன் படத்தைக் கிழித்து எறிந்துவிடச் சொன்னாள். சேதி தெரிந்து மதுரைக்கே வந்திருந்த பக்கீர் மாமா, டிஸ்பென்சரிக்கும் மேலே இருக்கிற ஆபீசுக்கும் தானும் கூட வருவதாகச் சொன்னார்.

மறுநாள் நான் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் வக்கீலிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வாசகத்தைச் சொன்னார், நான் அடித்தேன். செல்லத்தாய் ஆகிய எனக்குப் பிள்ளைப்பேறு ஏதும் இல்லை. என் பெயரில் பதிவான இரண்டு பிரசவங்களும் கர்ப்பப்பை அறுவையும் என் தங்கை சுந்தரம்மாளுக்கு நடந்தவை. அவளுடைய பிள்ளைகள் இருவரையும் நான் பெற்றதாக உள்ள பதிவுகளை நீக்கி, எனக்கு உரிய சிகிச்சை வழங்க வேண்டுகிறேன். எத்தனையோ ஆயிரம் அபிடவிட் அடித்திருக்கிறேன். வரிக்கு வரி உண்மையாக இருந்தது இது ஒன்றுதான்.

அப்பா கையெழுத்துப் போட்டார். அம்மா போட்டாள். பெரியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, கைநாட்டு வைக்க வேண்டும். மத்தியான நேரம், பார்வையாளர்களை விடுகிற சமயத்தில், மைப்பெட்டியோடு அவள் கட்டிலுக்குப் போனேன். முகம் சின்னதாகிப் போயிருந்தது. என்ன காகிதம் என்று கேட்டாள். சொன்னேன். வாசி என்றாள். ஒரு வரி விடாமல் வாசித்தேன். கட்டை விரலைப் பிடித்து மைப்பெட்டிப் பக்கம் கொண்டுபோனேன். அவள் கையை உருவிப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயப்படுகிறாயா, தங்கச்சியைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று பார்க்கிறாயா, அவர்களே கையெழுத்துப் போட்ட பிறகு உனக்கு என்ன வந்தது என்று கத்தினேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஓய்ந்த பிறகு பெரியம்மா சொன்னாள்.

"அன்னைக்கு அந்த டாக்டரு கவரைப் பிரிச்சு சத்தமா வாசிச்சாருலே. செல்லத்தாயி, ரெண்டு பிரசவம், மூத்தது ஆணு, இளையது பொண்ணுன்னு. பின்னால வரிசையில நின்னவக அம்புட்டுப் பேரும் கேட்டாக. அப்பிடித்தானம்மான்னு கேட்டாரு. நான் ஆமான்னுட்டேன். இல்லன்னு சொல்லியிருந்தா அன்னைக்கே பாத்திருப்பாக. எனக்குத் தெரியாமலா இருந்துச்சு. வாய் வரலைலே."

கொஞ்சம் மூச்சு வாங்கினாள். நான் தண்ணீரை எடுத்துக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுத் தம்ளரைத் திருப்பித் தந்தாள்.

"ஊருல யாரும் என்னைய அப்பிடிச் சொன்னதில்ல. அந்தக் கவருலதான் எழுதியிருக்கு. நீ கொண்டாந்த காயிதத்துல ரேகை வச்சா அதை அடிச்சிருவாக. உன்னையும் அடிச்சிருவாக, உன் தங்கச்சியையும் அடிச்சிருவாக. வேண்டாம் சாமி."

இருபத்தாறு வருஷமாகப் பெரியம்மா என்று கூப்பிட்டிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் தாயார் பெயர் கேட்டபோதெல்லாம் செல்லத்தாய் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து அதை ஒரு வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறேன். அவள் முன்னாலேயே சொல்லியிருக்கிறேன். ஒரு தடவைகூட அவளை அம்மா என்று கூப்பிட எனக்குத் தோன்றவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் டாக்டரம்மா கையில் கேஸ் சீட்டோடு வந்தார். என்னை ஓரமாகக் கூப்பிட்டு, சேர்க்கும்போது இரண்டு குழந்தை என்று சொல்லியிருக்கிறார்கள், சோதித்ததில் இவர் குழந்தை பெற்றவராகத் தெரியவில்லை, சரியாகச் சொன்னால் அதைத் திருத்திவிடலாம் என்றார். மெல்லத்தான் கேட்டார். ஆனால் பெரியம்மாவுக்குக் கேட்டுவிட்டது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அபிடவிட் என் சட்டைப் பையில் இருந்தது. அதை எடுத்துக் கொடுத்து, அவள் விரலை நானே பிடித்து மையில் அழுத்தியிருந்தால், தடுக்கிற தெம்புகூட அவளுக்கு இருந்திருக்காது. அப்படிச் செய்திருந்தால் இன்னும் ஒரு வருஷமாவது இருந்திருப்பாளோ என்று இப்போதும் நினைக்கிறேன்.

"ரெண்டு பேருதான் டாக்டர்," என்றேன். "மூத்தவன் நான்."

அவர் எதையும் திருத்தாமல் சீட்டைக் கட்டிலின் கால்மாட்டில் மாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். பெரியம்மா என்னைப் பக்கத்தில் வரச் சொல்லிக் கையைக் காட்டினாள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துக் காட்டச் சொன்னாள். சீட்டைக் கழற்றி, இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில், பக்கத்துக் கட்டில்களுக்கும் கேட்கிற மாதிரி வாசித்தேன். செல்லத்தாய், வயது ஐம்பத்தேழு, குழந்தைகள் இரண்டு.